நம்மூரத் தூக்கு

“மறுபடியும் அந்தப் ‘பழைய பயணி’ வந்துட்டாரு அண்ணே. இதோட பன்னெண்டு தடவை!”

காமினி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினித் திரையைக் கிருஷாந்த் பக்கம் திருப்பினாள்.

முப்பது வருடங்களுக்கு முன் பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் கட்டிப்போட்ட கார்ட்டூன், ‘ஃபெரி காக்கா’. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஃபெரிப் படகை ஓட்டும் ஒரு குண்டுக் காக்கையின் கதை. ஜார்ஜ்டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கும் கிருஷாந்த், அதை இந்த வருடம் புதிய முறையில் மறுபடி எடுத்து இணையத்தில் விட்டிருந்தான். விட்ட நாளிலிருந்து ரசிகர்கள் அவனைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

‘காக்கா ஏன் இப்படிப் பளபளங்குது? எண்ணெய் தேச்சு விட்டீங்களா?’

‘எங்க சின்ன வயசக் கெடுத்துட்டீங்க லா!’

‘தொப்பி எங்கே? காக்காவோட தொப்பியத் திருப்பிக் குடுங்க.’

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். தொப்பியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ‘பழைய பயணி’ என்ற பெயரில் எழுதும் இந்த ஒருவரைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு பகுதி வந்ததும், ஒரு எழுத்துக்கூட மாறாமல் அதே கருத்து.

‘ஃபெரி கிளம்பும்போது காக்கா நங்கூரத்தத் தூக்குன்னு சொல்லாது. நம்மூரத் தூக்குன்னுதான் சொல்லும். டைரக்டருக்கு மறந்து போச்சா?’

“எனக்கு மறந்து போச்சா?” கிருஷாந்த் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “பழைய பகுதி அறுபதையும் உட்கார்ந்து கேட்டிருக்கேன். அறுபதுலயும் நங்கூரம்தான். ஊரை எப்படி லா தூக்கறது? கொம்தார் கட்டடத்தோட சேர்த்தா?”

“விடுங்க அண்ணே, பாவம். வயசானவரா இருக்கும்.” காமினி கொஞ்சம் தயங்கினாள். “அப்புறம்... அக்கரை சுங்கை பாக்காப்புல இருந்து உங்க அண்ணி ஆபீசுக்கே போன் பண்ணாங்க. மூணாவது தடவை. உங்க அண்ணனுக்கு ரொம்ப முடியலையாம். ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொன்னாங்க.”

“அண்ணன் சொல்லச் சொன்னாரா?”

“கேட்டேன். இல்ல, நானாத்தான் கூப்பிடறேன்னாங்க.”

கிருஷாந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எட்டு வருடங்களுக்கு முன் அம்மா இறந்தபோது அவன் கோலாலம்பூரில் ஒரு படவேலையில் இருந்தான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “அம்மாவ விட உனக்குப் பொம்மைப் படம் பெரிசாப் போச்சா? இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாதே” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார் அண்ணன் ஸ்ரீகரன். அன்று நின்ற பேச்சு.

“அவர் ஒரு வார்த்தை கூப்பிடட்டும் காமினி. அடுத்த நிமிஷம் போய் நிக்கிறேன். கூப்பிட மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.”

வலித்த இடத்தை விட்டுவிட்டு அவன் கோபம் வேறு பக்கம் பாய்ந்தது. பழைய பகுதியில் அந்த வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தான். மெதுவாக ஓடவிட்டு, மூன்று முறை கேட்கும்படி செய்து, பழைய பயணியின் கருத்துக்குக் கீழே பதில் போட்டான்.

‘அங்கிள், காதக் கழுவிட்டு வந்து கேளுங்க.’

கையோடு அவர் உள்ளே வரவே முடியாதபடி பிளாக் செய்தும்விட்டான்.

அந்தப் பதிலைப் பார்த்துத் தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். புதிய காக்காவுக்கு ரசிகர்கள் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கிருஷாந்துக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

பத்து நாள் கழித்து அண்ணி நான்காவது முறையாகக் கூப்பிட்டார். போனை வைத்த காமினி, அவனுடைய கார் சாவியை எடுத்து நீட்டினாள்.

அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் காரை விரட்டிக்கொண்டு போனான் கிருஷாந்த். இந்தத் தடவை வாசலில் அவனைத் தடுக்க ஆள் இல்லை. நடு வீட்டில் கிடத்தியிருந்த ஸ்ரீகரன், நாற்பத்து மூன்று வயதுக்கு மிகவும் சுருங்கிப்போயிருந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, எட்டு வருடமாகச் சொல்லாத ‘அண்ணா’வைச் சொல்லி அழுதான்.

“நீங்க எடுத்த காக்கா படத்த ஒண்ணு விடாம பார்த்தாரு தம்பி” என்றார் தர்மினி அண்ணி. அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது.

கிருஷாந்த் நிமிர்ந்தான். “அண்ணாவா? பிடிச்சிருந்ததா அண்ணி?”

“எந்தம்பி எடுத்ததுன்னு டயாலிசிஸ் பண்ண வர்ற நர்ஸுங்க எல்லாருக்கும் காட்டுவாரு. கடைசி பத்து நாளா உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குதுன்னாரு. போன்ல ஏதோ கோளாறு, கடையில குடுத்துச் சரி பண்ணிட்டு வான்னு என்னை ஒரே நச்சரிப்பு. கடைக்காரன், போன் நல்லாத்தான் இருக்குன்னுட்டான்.”

கிருஷாந்த் அண்ணன் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“நாலு வயசுல உங்களுக்கு நங்கூரம்னா என்னன்னு தெரியாதாமே தம்பி. காக்கா ‘நம்மூரத் தூக்கு’ன்னு சொல்லுதுன்னு கத்துவீங்களாம். யாரும் உங்களத் திருத்தக் கூடாதுன்னு அவரும் கூடச் சேர்ந்து அப்படியே கத்துவாராம். உலகத்துலேயே எங்க வீட்டுல மட்டும்தான் காக்கா அப்படிச் சொல்லும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“‘நேரா போன் பண்ண வெக்கமா இருக்கு தர்மினி, இதப் படிச்சா அண்ணன்தான் கூப்பிடறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்’னு சொல்லிச் சொல்லித்தான் தம்பி, பன்னெண்டு தடவையும் எழுதினாரு.”