தக்காளிச் செடி அடக்கிக்கொண்டது

பள்ளி ஆய்வகத்தின் ஜன்னலோரம் ஒரு தக்காளிச் செடியும் ஒரு தொட்டாற்சுருங்கியும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருந்தன. செடிகளுக்குள் ஓடும் மின்துடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த பதினோராம் வகுப்பு ஜெனிட்டா, தக்காளியின் தண்டில் மெல்லிய கம்பியைப் பொருத்தியிருந்தாள். இலையைக் கிள்ளினால் போதும், கணினித் திரையில் கோடு எகிறும். "வலிக்குதாடி செல்லம்?" என்று உடனே தடவிக்கொடுப்பாள்.

தொட்டாற்சுருங்கிக்குப் பொறுக்கவில்லை. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள்.

"எதுக்கெடுத்தாலும் இப்படி அலறினா, நோஞ்சான் செடின்னு தூக்கிப் போட்டுடுவாங்க. சத்தம் காட்டாம இரு," என்றது.

"அப்படியா அக்கா?" தக்காளி நம்பிவிட்டது.

அந்த வாரமே அதன் வேரில் புழு விழுந்தது.

"அக்கா, தாங்க முடியலை. சொல்லிடட்டுமா?"

"பொறுத்துக்கோ. சரியாப் போயிடும்."

தக்காளி பொறுத்துக்கொண்டது. திரையில் கோடு அசையவே இல்லை. ஜெனிட்டா கம்பியில்தான் கோளாறு என்று அதையே மாற்றி மாற்றிப் பொருத்தினாள். செடி சாய்ந்த பிறகு மண்ணைக் கிளறியவள், புழுக்களைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவை காட்டியிருந்தா காப்பாத்தியிருப்பேனே!"

மறுநாள் கம்பி தொட்டாற்சுருங்கியின் தண்டுக்கு வந்தது.

"நான்தான் அதைப் பேசவிடாம பண்ணேன். என்னாலதான் செத்துச்சு," என்று அது கதறியது.

கோடு திரையின் உச்சிவரை எகிறியது.

"மிஸ், இங்க வந்து பாருங்க!" என்று ஜெனிட்டா கைதட்டினாள். "இந்தச் செடி எவ்வளவு நல்லா வேலை செய்யுது!"