ஐந்தாவது தப்பு

"ஏம்மா, நில்லு. கை கழுவினியா?"

மனைவியின் அதட்டலில், கணவரின் மார்பில் செருகியிருந்த குழாயை நோக்கி நீண்ட நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது.

"மறந்துட்டேன்க்கா," என்று அசடு வழிந்தபடி அவள் வாஷ்பேசினுக்குப் போனாள்.

மனைவி பொருமினாள். "மூணு நாள்ல இது நாலாவது தப்பு. முந்தாநாள் மாஸ்க் போடாம வந்தா. நேத்து காலைல குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால துடைக்காமலே திறக்கப் பார்த்தா. சாயங்காலம் தரையில விழுந்த மூடியை எடுத்து மாட்டப் போனா."

கணவருக்குக் குடலில் பெரிய ஆபரேஷன். வீட்டுக்குப் போனாலும் இன்னும் சில மாதங்களுக்கு வாய்வழியே எதுவும் கூடாது. பால் நிறப் பையிலிருந்து சத்து நேராக ரத்தத்தில் இறங்க வேண்டும். கிருமி புகுந்தாலும் அதே வழியில் நேராக ரத்தத்துக்குத்தான் போகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறாள்.

"விடேன் போலீஸ்காரம்மா," என்றார் கணவர். "சின்னப் பொண்ணு. அவ வேலைக்கு உலை வெச்சிடாதே."

"காய்ச்சல் வந்தா இன்னும் ஒரு மாசம் இங்கேயே கிடக்கணும். வீட்டுக்கு எப்போ, வீட்டுக்கு எப்போன்னு தினமும் நச்சரிக்கிறது யாரு? நானா?"

கணவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் ஈரக் கையை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பையை எடுத்து வந்தாள்.

"தேதியைப் பாரும்மா. அது நேத்தே மாட்டியிருக்க வேண்டிய பை."

அதற்குமேல் மனைவியால் பொறுக்க முடியவில்லை. நேரே தலைமை நர்ஸின் அறைக்குப் போய், ஐந்து தப்பையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணை உடனே மாத்துங்க சிஸ்டர். என் புருஷனை நான் முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தலைமை நர்ஸ் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கடைசி வரியில் டிக் அடித்தார். மனைவி எட்டிப் பார்த்தாள். மாஸ்க், பஞ்சு, மூடி, கை, தேதி. அவள் சொன்ன ஐந்தும் அதே வரிசையில் அதில் முன்பே அச்சடிக்கப்பட்டிருந்தன.

"இந்த வார்டுலயே அவதான் சுத்தக்காரி. அவளைத் தப்பு செய்யற மாதிரி நடிக்க வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு," என்று சிரித்தார் தலைமை நர்ஸ். "வீட்டுல அந்தக் குழாயை நீங்கதானேம்மா பார்த்துக்கணும்? அஞ்சையும் பிடிச்சிட்டீங்க, நாளைக்கே அவரைக் கூட்டிட்டுப் போங்க."