ஜிஷாவுக்கு முன்னால்

ஜிஷாவின் முறையைப் பூதலிங்கம் அண்ணாச்சி தட்டிப் பறித்துவிட்டார். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியின் இரத்தப் புற்றுநோய் வார்டு முழுக்க அன்று இதே பேச்சு.

இருவருக்கும் ஒரே நோய். கீமோ கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியாக டாக்டர் ராஜஸ்ரீ ஒரு புதிய சிகிச்சையைச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவர் தானமாகத் தந்த இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றைத் தேடிக் கொல்லும்படி லேபில் மாற்றி, நோயாளிக்கு ஏற்றுவார்களாம். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஏற்றி, ஒரு மாதம் பார்த்த பிறகே அடுத்தவருக்கு.

முதலில் சம்மதித்தவள் ஜிஷா. கைக்குழந்தைக்காரி. அவள் கணவன் ஷைஜு, டாக்டர் விளக்கியதில் பாதியைக் கேட்டான். 'முதல் ஆள்' என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டான். ரேஷன் கடையானாலும் மதுக்கடையானாலும் வரிசையில் முதலில் நிற்பவனே பாக்கியவான் என்று வளர்ந்தவன்.

பூதலிங்கத்துக்கு ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம். அவர் மூட்டையைப் பிரித்தால் கிழக்கேகோட்டையில் பஸ் டிரைவர் தும்முவார் என்பார்கள். வாயும் அதே காரம். அவர் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது வரிசை மாறியிருந்தது.

ஷைஜு டாக்டரிடம் ஓடினான். ஜிஷாவுக்கு இப்போதைக்கு மாத்திரையில் நோய் அடங்கித்தான் இருக்கிறது, காத்திருப்பதால் நஷ்டமில்லை என்றார் அவர். வரிசை ஏன் மாறியது என்று சொல்லாமல் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். பெரிய இடத்துச் சிபாரிசு என்று ஷைஜு முடிவு கட்டினான்.

வராந்தாவில் அண்ணாச்சியை மறித்தான்.

"ஜிஷாவுக்கு முப்பது வயசு ஆகல. நீங்க பேரன் பேத்தி எடுத்தாச்சு. இது நியாயமா அண்ணாச்சி?"

"எனக்குக் காத்திருந்து பழக்கமில்ல மக்கா. நீங்க இளசு. ஒரு மாசம் நில்லுங்க, காலு ஒண்ணும் ஒடஞ்சு போவாது."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி முத்தாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இவளுக்காவது வெட்கம் இருக்கிறதே என்று நினைத்தான் ஷைஜு.

"போகட்டும் சேட்டா" என்றாள் ஜிஷா. அவன் விடவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சியின் பேராசையைச் சொல்லித் தீர்த்தான்.

செல்களை ஏற்றிய சில நாளிலேயே அண்ணாச்சிக்குக் காய்ச்சல் கொதித்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. நினைவு தப்பி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள்.

"நல்லா வேணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான் ஷைஜு. அதற்கு ஜிஷா பார்த்த பார்வையில் அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் போனது. டாக்டர் அவனை அழைத்தார். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஜிஷாவுக்குச் செல்களின் அளவைக் குறைக்கப் போவதாகவும், காய்ச்சல் தலைகாட்டியதுமே எந்த மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டதாகவும் சொன்னார்.

"அப்போ ஜிஷா முதல்ல போயிருந்தா?"

"இதையெல்லாம் அவங்க உடம்புல கத்துக்கிட்டிருப்போம்" என்றார் டாக்டர். "இருக்கிற பலவீனத்துல அவங்க தாங்கியிருக்க மாட்டாங்க."

குறுக்கே விழுந்தவர் அடிபட்டார், கர்த்தர் என் ஜிஷாவைக் காத்தார் என்று ஷைஜுவின் மனசு கணக்குப் போட்டது. ஐ.சி.யூ. வாசலில் முத்தாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்லும் சாக்கில் ஒரு குத்தும் குத்தலாம் என்று போனான்.

"அண்ணாச்சி ரொம்ப அவசரப்பட்டுட்டாரு, அல்லே அக்கா?"

முத்தாரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவசரந்தான் தம்பி. 'புது மருந்து, முதல் ஆளுக்குத்தான் ஆபத்து, அந்தப் பச்சப்புள்ளக்காரிய முன்னால விடாதீங்க, நான் போறேன்'னு டாக்டர் கால்ல விழாத குறைதான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் வாயையும் கட்டிப் போட்டாரு. இன்னைக்குக் காலையில கண்ணத் திறந்தாரு. என் மொகத்தக்கூடப் பாக்கல. டாக்டரப் பாத்து, 'இனி அந்தப் புள்ளைக்குப் பயமில்லாம ஏத்தலாமா'ன்னுதான் கேட்டாரு."