நிலுவையில் ஒரு மரம்

"உங்க மரத்து மேல மறுபடியும் புகாராம்!"

தபால்காரர் மாநகராட்சி அட்டையை விசிறி மாதிரி ஆட்டிக் காட்டினார். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்த பஞ்சர்காரர் நிமிர்ந்தார்.

"மாடி வீட்டம்மாவா?"

"வேற யாரு? இந்த வருஷத்துல நாலாவது."

"இந்தத் தடவை என்ன குத்தம் கண்டுபிடிச்சாங்க?"

தபால்காரர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "விடியக்காலையில குருவிங்க கத்துதாம். தூக்கம் கெடுதாம்."

பஞ்சர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் தொட்டித் தண்ணீரில் இலை விழுகிறது என்றார். அப்புறம் வேர், அப்புறம் கொசு. இப்போது குருவி!

பத்தொன்பது வருஷமாக அந்த மரத்தடிதான் அவர் கடை. கூரையும் அதுதான், சுவரும் அதுதான். மரம் போனால் கடை போச்சு. இந்த வயசில் வேறு எங்கே போய்ப் பம்பை ஊன்றுவது?

அன்று சாயங்காலம் அந்தம்மாவே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் காத்து அடிச்சு விடுப்பா."

"பம்பு ரிப்பேர்" என்றார் பஞ்சர்காரர், இன்னொருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே.

அந்தம்மா பம்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அடுத்த தெரு வரைக்கும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். பஞ்சர்காரருக்கு வயிறு குளிர்ந்தது.

வியாழக்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. ரம்பம், கயிறு, நாலு ஆட்கள். மேஸ்திரி இறங்கி வந்து மரத்தில் சுண்ணாம்பால் குறி போட்டார்.

பஞ்சர்காரர் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். "யாரைக் கேட்டு வெட்டுறீங்க?"

"எதிர்த்தாப்ல கார் ஷோரூம் வருதில்ல? மரம் மறைக்குதுன்னு ஓனர் அனுமதி வாங்கியிருக்காரு. தள்ளுங்க."

பஞ்சர்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. மாடியைப் பார்த்துக் கத்தினார். "வாங்கம்மா, வந்து பாருங்க! நீங்க நினைச்சது நடந்துடுச்சு. இனிமே நல்லாத் தூங்குங்க!"

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தம்மா எட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி! என் புகாரை விசாரிக்காம எப்படி நீங்க மரத்துல கை வைக்கலாம்? ஆபீசுக்குப் போன் போடுங்க!"

இந்த நேரத்திலும் புகாரா என்று தெருவே தலையில் அடித்துக்கொண்டது. மேஸ்திரி சலிப்போடு போனை எடுத்தார்.

"சார், அந்த மூணாவது புகார் முடிஞ்சுதுன்னுதானே அனுப்பினீங்க... என்னது, நாலாவது ஒண்ணு இருக்கா?... சரிங்க சார்... சரி."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "ரம்பத்தை வண்டியில ஏத்துங்கப்பா."

"ஏன்?" பஞ்சர்காரர் மரத்தை விடவில்லை.

"புகார் நிலுவையில இருக்கிற மரத்தை, மர அதிகாரி நேர்ல வந்து பாக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. ஊருக்கே ஒரே ஒரு மர அதிகாரி. அவர் வர மூணு மாசம் ஆகும்."

"வந்து?"

"மரம் நல்லா இருக்கு, புகார்ல உண்மை இல்லைன்னு எழுதிட்டுப் போவாரு. மூணு தடவையும் அப்படித்தான் எழுதினாரு."

லாரி புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. தெருவில் விசில் பறந்தது. தபால்காரர் பையோடு சேர்ந்து குதித்தார். பஞ்சர்காரர் மட்டும் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் விறுவிறுவென்று படியேறினார்.

பால்கனியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், தட்டில் தானியம். ஏழெட்டுக் குருவிகள் பயமில்லாமல் கொத்திக்கொண்டிருந்தன.

"தூக்கம் கெடுதுன்னு எழுதினீங்களேம்மா?"

"இதுங்க கத்தலேன்னா எனக்குப் பொழுதே விடியாது."

"மரத்தைக் காப்பாத்துங்கன்னு நேரா எழுதியிருக்கலாமே?"

"அதே ஆபீஸ்ல புகார் பிரிவுல இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவப்பா நான். காப்பாத்துங்கன்னு எழுதினா அது வேண்டுகோள். ஆவன செய்யப்படும்னு பதில் போட்டு அன்னிக்கே மூடிடுவாங்க. புகார்னாதான் ஆள் நேர்ல வரணும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேனேம்மா."

"உன்கிட்டயா? காத்து அடிக்க வர்றவங்க எல்லாருக்கும் சொல்லியிருப்ப. அப்படியே ஷோரூம்காரர் காதுக்கும் போயிருக்கும்."

உண்மைதான். பஞ்சர்காரருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைக்கப் போய், கை க்ரீஸ் முகமெல்லாம் ஈஷிக்கொண்டது.

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"அவர் வாங்கின அனுமதி காலாவதி ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கு. என் குருவி மூணு மாசம் தாங்கும். ஒரு ஆள் வருஷத்துக்கு நாலு புகார்தான் கொடுக்கலாம். என் கணக்கு முடிஞ்சுது. அடுத்த புகார் உன்னோடது." அந்தம்மா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார். "தேதி போடாம எழுதி வச்சுக்கோ."

பஞ்சர்காரர் கீழே இறங்கினார். முதல் வேலையாக அந்தம்மா ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்துக்கும் கல் மாதிரி காற்று அடித்தார். அப்புறம் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார்.

"ஐயா, பத்தொன்பது வருஷமாக இந்த மரத்தால் என் கடைக்கு ஒரு பொட்டு வெயில்கூட வருவதில்லை..."