இடது புருவம்

“பெரியமடுவில கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்குப் படம் கீறினது நீங்கள்தானாமே?” என்று கேட்டார் அதிகாரி.

“ஓம் சேர், நான்தான்.”

பயந்துகொண்டு வந்த சுகந்தினிக்கு அந்தக் கேள்வியோடு அரைவாசிப் பயம் போய்விட்டது. பின்னே என்ன! கலியாணக் கார்ட், பள்ளிக்கூட நாடகத் திரை, தொண்டு நிறுவனத்துச் சிறுவர் புத்தகம் என்று கீறிய மாதிரிகளை ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, வேலை கேட்டு அவள் மன்னாரில் ஏறாத படியில்லை. எந்தப் படம் கீறினாலும் மூலையில் பேரையும் ஃபோன் நம்பரையும் எழுதிவிடுவாள். இரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் ஒருத்தர் தானாக ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

என்ன, கூப்பிட்டது விசாரணைக் கந்தோர். அதுதான் இடித்தது. சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் அந்த வாசலைக் கண்டால் சனம் றோட்டின் மற்றக் கரையால்தான் போகும்.

“இந்த மனிசி ஒருத்தனை வீட்டில வைச்சுச் சோறு குடுத்திருக்கிறா. பேர் தெரியாதாம், முகம் மட்டும் ஞாபகமாம். அவ சொல்லச் சொல்லக் கீறுங்கோ. மாவட்டம் முழுக்க ஒட்டுவம். சரியா வந்தால் இனி எங்கட படவேலை எல்லாம் உங்களுக்குத்தான்.”

மாவட்டம் முழுக்க! சுகந்தினி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தாள். அதிகாரி ஃபோனில் யாருடனோ சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார்.

எதிரே இருந்த மனிசிக்கு ஐம்பது வயதிருக்கும். பேர் சிவராணி, ஊர் பெரியமடு. மூன்று நாளாக வீட்டுக்கு விடவில்லையாம். முகம் வீங்கிக் கிடந்தது, ஆனால் பேச்சில் தடுமாற்றமே இல்லை.

“நீட்டு முகம், பிள்ளை. நாடி கூர். வலது காது மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும்.”

பென்சில் ஓடியது.

“முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில இடைவெளி. இடது புருவத்தில ஒரு வடு. கல்லுப் பட்ட வடு மாதிரி. அந்த இடத்தில மயிர் முளைக்கேல்ல.”

பென்சில் நின்றது.

அந்தக் கல்லை எறிந்தவளே சுகந்தினிதான். ஒன்பது வயதில் மாங்காய்க்கு எறிந்த கல், கீழே நின்ற தம்பி சுஜீவனின் புருவத்தைப் பிளந்துவிட்டது. பிறகு பதினேழு வயதில் அவனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. உயிரோடு திரும்பியவன், இயக்கத்தில் இருந்தவர்களுக்கான பதிவுக்குப் போகப் பயந்து ஒளிந்து திரிந்தான். ஆறு மாதமாக எங்கே இருக்கிறான் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

ஐயோ, கடைசியில் அக்காவின் கையாலேயா அவனைப் பிடித்துக் கொடுப்பது! சோறு போட்ட மனிசி இப்படியா அச்சொட்டாகக் காட்டிக் கொடுப்பாள்? சுகந்தினிக்கு எழும்பி அவளுடைய வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

“என்ன, நிப்பாட்டிட்டீங்கள்?” ஃபோனைக் காதில் வைத்தபடியே அதிகாரி கேட்டார்.

“கூர் போயிட்டுது சேர்.”

சீவிச் சீவிப் பென்சில் பாதியானது. பிறகு குனிந்தவள் நிமிரவேயில்லை. கூர் நாடி சதுரமானது. மடிந்த காது நிமிர்ந்தது. பல்லிடைவெளியைத் தடித்த உதடு மூடியது. வடுவைப் புருவத்திலிருந்து எடுத்து வலது கன்னத்தில் போட்டாள்.

உலகத்தில் இல்லாத ஒருவன் தாளில் இருந்து முறைத்தான்.

அதிகாரி ஃபோனை வைத்துவிட்டுப் படத்தைச் சிவராணியின் முகத்துக்கு நேரே பிடித்தார். “வடிவாப் பாருங்கோ. இவன்தானோ?”

‘புருவத்தில எல்லோ சொன்னனான்’ என்று மனிசி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பியோடு சுகந்தினியும் உள்ளே.

சிவராணி படத்தை நெடுநேரம் பார்த்தாள். “ஓம் சேர். இவன்தான். அப்பிடியே உரிச்சு வைச்ச மாதிரி.”

“கெட்டிக்காரி!” அதிகாரிக்கு வாயெல்லாம் பல். “பேரைப் போடுங்கோ, கொப்பி எடுக்கோணும்.”

எழுதினாள். தன் பேரை எழுத அவளுக்குக் கை கூசியது அன்றைக்குத்தான்.

அவர் படத்தோடு உள்ளறைக்குப் போனார். மெஷின் கடகடத்தது. தாளைப் பொறுக்குவது போல் குனிந்து சுகந்தினி கேட்டாள்: “ஏனம்மா பொய் சொன்னீங்கள்?”

சிவராணியும் குனிந்தாள். “உம்மட தம்பி வெள்ளாங்குளத்தில, சந்தியோகுவின்ர மீன் வாடிக் கொட்டிலில நிக்கிறான். இண்டைக்கே இடம் மாறச் சொல்லும்.”

“என்ர தம்பி எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“வேற ஆர், அவன்தான். அந்தப் பலகையடியால போகேக்கை எல்லாம், அக்கா கீறினது எண்டு பேரைத் தொட்டுக் காட்டுவான்.”

சுகந்தினிக்கு ஆத்திரம் வந்தது. “தெரிஞ்சுகொண்டும் ஏனம்மா அவன்ர முகத்தை அப்பிடியே சொன்னீங்கள்? எனக்குப் பதிலா வேற ஆரையும் கீறக் கூப்பிட்டிருந்தால்?”

உள்ளே மெஷின் நின்றது. காலடிச் சத்தம் கேட்டது. சிவராணி நிமிர்ந்து கதிரையில் நேராக இருந்துகொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

“உம்மைக் கூப்பிடச் சொன்னதே நான்தான், பிள்ளை.”