ஊர் வழியாகப் போகாத வேன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மலியாவின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முடியும்போது வராது.

“முதல்ல ஜன்னலைச் சாத்துங்க! பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சுன்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சு முழுக்கப் பரவிடும்” என்றாள் மலியா.

அவள் கணவன் தோமாசி ஜன்னலைச் சாத்தினான். “என்னமோ பேங்க்ல கொள்ளையடிக்கப் போற மாதிரி இருக்குடி. லீவுக்குத்தானே போறோம்?”

லீவுக்குத்தான். ஆனால் போகப்போவது சமோவாவுக்கு, மலியா பிறந்த தீவுக்கு. ஆக்லாந்தில் இருக்கும் எந்தச் சமோவாக்காரியும் ஊருக்குப் போனால் அம்மா வீட்டில்தான் பாய் விரிப்பாள். பெற்றவள் இருக்கும்போது அதே தீவில் விடுதியில் காசு கொடுத்துத் தங்கினாள் என்று தெரிந்தால், அப்புறம் அந்தக் குடும்பம் வெளியே தலைகாட்ட முடியாது.

“ஒவ்வொரு தடவையும் என்ன நடக்குது?” மலியாவின் குரல் உயர்ந்தது, ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தது. “பெட்டி பெட்டியா டின் கறியும் செருப்பும் சுமந்துட்டுப் போறோம். சித்திக்கு ஒண்ணு, பெரியப்பாவுக்கு ஒண்ணு, பாதிரியாருக்கு ஒண்ணு. போய் இறங்கினதுலேர்ந்து எனக்கு அடுப்படிதான். நம்ம ரூதா அந்தக் கடல்ல இன்னும் கால்கூட நனைச்சதில்ல. ஒரே ஒரு தடவை நான் சும்மா சாஞ்சு உக்காந்திருக்க, வேற யாராவது சோறு போடணும். இது தப்பா?”

“தப்பில்ல. திரும்பி வரும்போது மூஞ்சி கறுத்திருக்குமே, அதுக்கு என்ன சொல்றது?”

“தோட்ட வேலை செஞ்சேன்னு சொல்லுங்க.”

“முதுகு போனவன் தோட்ட வேலை செஞ்சானா?”

மலியா நகத்தைக் கடித்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, தோமாசி முதுகு பிடித்துப் படுத்துவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். “வராட்டிப் பரவாயில்ல மகளே, அவனைப் பாத்துக்கோ” என்றாள் அம்மா. மருமகன் முதுகுக்காக உபவாசம் வேறு இருக்கிறாளாம்.

“சரி, ஊர்லேர்ந்து உன் தங்கச்சி லூபே கூப்பிட்டாளே, திரும்பப் பேசினியா?”

“எதுக்கு? ஷூ கேப்பா, இல்லாட்டி ஃபோன் கேப்பா. வேலையா இருக்கேன்னு மெசேஜ் போட்டுட்டேன்.”

ரூதா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “அம்மா, பாட்டி அங்கதானே இருக்காங்க? கடலுக்கு நம்மகூட வருவாங்களா?”

“நீ போய் டிவி பாரு.”

மலியா விடுதிக்கு ஃபோன் போட்டாள். அம்மா ஊரிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம், தெற்குக் கரையில் இருக்கும் விடுதி. தொண்டையைச் செருமி, தன் ஆபீஸ் வெள்ளைக்கார மேனேஜரம்மாவின் குரலை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“வணக்கம், மிஸஸ் தாமஸ் பேசுகிறேன். கடலைப் பார்த்த மாதிரி எங்களுக்கு ஓர் அறை வேண்டும்.”

தோமாசி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“நிச்சயமாக…” மறுமுனையில் பெண் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு, இஸ்திரி போட்டது போன்ற ஆங்கிலத்தில், “நிச்சயமாக, மேடம். எத்தனை பேர்?” என்றது.

“நான், கணவர், மகள்.”

“சமோவாவுக்கு இதுதான் முதல் தடவையா, மேடம்?”

மலியா கண்ணை மூடிக்கொண்டாள். “ஆமாம்.”

தோமாசியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“இங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள்…?”

“யாரும் இல்லை.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “மெத்தை எப்படிப் போடட்டும்? ஐயாவுக்கு முதுகுவலி ஏதாவது இருந்தால் கெட்டியான மெத்தையாகப் போடுகிறோம்.”

மலியாவுக்குச் சுருக்கென்றது. “எல்லோரிடமும் இப்படித்தான் கேட்பீர்களா?”

“தூரத்திலிருந்து வருகிறவர்களை நாங்கள்தானே கவனிக்க வேண்டும், மேடம்.”

“அவருக்கு முதுகெல்லாம் நன்றாக இருக்கிறது.” மலியா அவசரமாகப் பேச்சை மாற்றினாள். “விமான நிலையத்திலிருந்து உங்கள் வேனில்தானே கூட்டிப் போவீர்கள்? அது கடலோர ஊர்கள் வழியாகவா வரும்? வேறு வழியாக வர முடியாதா? கண்ணாடி கறுப்பாக இருந்தால் நல்லது. என் மகளுக்கு… வெயில் ஒத்துக்கொள்ளாது.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மலியா ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

“அறை பதிவாகிவிட்டது, மேடம்” என்றது குரல். அப்புறம் அந்த இஸ்திரி ஆங்கிலம் கழன்று விழுந்தது. ஊர்ப் பேச்சு வந்தது.

“இந்த வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லத்தான்க்கா அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டேன். வேனுக்கு வேற வழி கிடையாது, நம்ம வீட்டுத் திருப்பத்துல திரும்பித்தான் ஆகணும். அங்க வரும்போது மட்டும் மூணு பேரும் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. அம்மா வாசல்லயே உக்காந்து, வர்ற வண்டி ஒண்ணு விடாம உத்துப் பாத்துட்டிருப்பாங்க.”

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அந்த வாசலைத் தாண்டிப் போகையில் உங்கள் பிள்ளைகள் ஒருவரும் குனியாமல் போகட்டும்.