விளிம்பு வரை தேநீர்

“பாதித் தண்ணியக் காணோம்! இந்தக் கெழட்டு பாய்லர் எங்கேயோ ஒழுகுது அத்தா. இனிமே இதை நம்பி ஒரு குளிர்காலம் ஓட்ட முடியாது!”

பரண்மேல் இருந்த பாய்லர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஏணியில் நின்றபடியே கத்தினான் தாலாய். கீழே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி புருலுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆகிவிட்டது.

ஏனென்றால் பாய்லர் ஒழுகவில்லை. ஒழுகவிட்டவள் அவள்.

நாரின் என்ற அந்த மலையூரின் குளிர் லேசுப்பட்டதா? வீதிக் குழாயில் பிடித்த தண்ணீர் வீடு வந்து சேர்வதற்குள் மேலே பனி கட்டிவிடும். அதில் கைக்குழந்தையின் துணிகளை அலசி அலசி அவளுடைய விரல் மூட்டெல்லாம் வெடித்துப் போயிருந்தன.

பாய்லரிலிருந்து வீட்டைச் சுற்றி ஓடும் சூட்டுக் குழாயில், அடுப்படி மூலையில் மட்டும் ஒரு சின்னத் திருகு உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் கசடு கழுவ வைத்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைத் திறந்து, தினமும் ஒரு வாளி வெந்நீர் பிடித்துக்கொள்வாள்.

முதல் சில நாள் அந்தத் திருகு கிறீச்சென்று கத்தி அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. பிறகு என்னவோ, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. அதுவாவது நம் பக்கம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

தாலாய் இறங்கி வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். “மாத்தணும்தான். ஆனா எதை வெச்சு மாத்தறது?”

எசென்பெக் மருமகள் நீட்டிய கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“மாத்திடலாம்,” என்றார் பிறகு. “ஜேரெனைக் குடுத்துடறேன்.”

ஜேரென் அவருடைய செந்நிறப் பெட்டைக் குதிரை. மனைவி போன பிறகு அவர் மனிதர்களோடு பேசியதைவிட அதோடு பேசியதுதான் அதிகம்.

“என்ன அத்தா இது! அது உங்க உசுராச்சே!”

“அதுக்கும் வயசாச்சுடா. கேக்கற ஆள் இருக்கும்போதே குடுத்துடணும்.” மருமகள் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்றே?”

புருல் அவசரமாக அடுத்த கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள்.

“அத்தா கேக்கறாரில்ல? வாயில போர்சோக்கை அடைச்சுக்கிட்டிருக்கியா?” என்று சிரித்தான் தாலாய். தட்டில் அவள் பொரித்து வைத்த போர்சோக் ரொட்டித்துண்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஆயிரம் தடவை நினைத்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் திருட்டுப் பட்டமா?

மறுநாள் தாலாய் வேலைக்குப் போனதும் குதிரை வாங்குகிறவர் வந்துவிட்டார். ஜேரெனின் பல்லைப் பார்க்கவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. விலாவைத்தான் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

பனிக்கால இறைச்சிக்கு! ஜன்னலில் நின்ற புருலுக்குப் புரிந்துவிட்டது. எசென்பெக் அதன் பிடரியைக் கோதிவிட்டுக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயோ, என் ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு உயிரா!

வந்தவர் உள்ளே வந்து, விருந்தாளிக்கென்று இருந்த மேலிடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். விலை பேசுவதற்கு முன் தேநீர்; தேநீர் ஊற்றுவது மருமகள் வேலை. விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும், அவர் போதும் போதும் என்கிறவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். அந்த ஊரில் தவழும் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

புருல் விளிம்பு வரை ஊற்றினாள். விரிப்பில் வழிய வழிய ஊற்றினாள்.

வந்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு பெரியவரே, உங்க வீட்டு மரியாதை! இப்படி ஒரு மருமகளை எந்தச் சந்தையில புடிச்சீங்க?” தொப்பியை மாட்டிக்கொண்டு விருட்டென்று வெளியேறிவிட்டார்.

“என்ன காரியம்மா பண்ணிட்டே!” என்று பதறினார் எசென்பெக்.

அவ்வளவுதான், புருல் உடைந்துவிட்டாள்.

“பாய்லர் ஒழுகல அத்தா! நான்தான் தினம் வெந்நீர் திருடினேன். கை தாங்கல, அதான். என் தப்புக்கு ஜேரெனை வெட்டக் குடுத்துடாதீங்க. வேணும்னா என்னை எங்க வீட்டுக்கே அனுப்பிடுங்க.”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எசென்பெக் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய்லர் ஒழுகுதுன்னு நான் சொன்னேனா? அது உன் புருஷன் கண்டுபிடிப்பு,” என்றார். “புதுசா வர்ற பாய்லர்ல, புழங்கற வெந்நீருக்குன்னே தனிக் குழாய் இருக்காம். யாருக்கும் பயப்படாம தொறந்து பிடிச்சுக்கலாம். போ, அந்தாளு இன்னும் சந்து தாண்டியிருக்கமாட்டான், கூப்பிடு. இந்தத் தடவையாவது அரைக் கிண்ணம் ஊத்து.”

புருல் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா அத்தா?”

“அந்தத் திருகு கத்தாம இருக்கக் கொழுப்பு தடவினதே நான்தானேம்மா!”